புளிப்பு வேறு, நெடி வேறு

சாப்பாட்டு மேசையில் நான்கு வெள்ளைத் தட்டுகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துண்டுக் காகிதம்: 417, 862, 305, 593. தட்டுகளில் இருப்பது பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் உருளைக்கிழங்கு வறுவல். இங்கிலாந்தின் நான்கு சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் கடைப்பெயரிலேயே விற்கும் சால்ட் அண்ட் வினிகர் வகை அது. எந்தத் தட்டு எந்தக் கடையுடையது என்பது, சமையலறையில் பைகளைப் பிரித்துக் கொட்டிய என் கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

"சிப்ஸ் திங்கறதுக்கு இவ்வளவு ஏற்பாடாம்மா?" என்றாள் மகள். எங்கள் வீட்டுக்குள் அது சிப்ஸ்தான். ஆனால் பிரிட்டனில் கடைக்குப் போய் சிப்ஸ் கேட்டால் விரல் தடிமனில் வெட்டி வறுத்த கிழங்கைச் சுடச்சுடக் கட்டிக் கொடுப்பார்கள். மெல்லச் சீவி, வறுத்து, பையில் அடைத்தது அங்கே கிரிஸ்ப்ஸ்.

மேசையின் மறுபக்கம் எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவரை அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சுவையின் கதையே அவருடைய ஊர்ப்பக்கத்தோடு தொடர்புடையது.

1920இல் லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் ஃபிராங்க் ஸ்மித் என்பவர் கிரிஸ்ப்ஸ் வியாபாரம் தொடங்கினார். உப்பை நீலக் காகிதத்தில் முறுக்கிப் பைக்குள் போட்டுவிடுவார். வாங்குபவர் பிரித்துத் தூவிக் குலுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பல ஆண்டுகளுக்குச் சுவை என்றால் அந்த உப்புதான். 1954இல் டப்ளினில் டேட்டோ நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ மர்ஃபி, தொழிற்சாலையிலேயே சுவைத்தூள் தூவும் வழியைக் கொண்டுவந்தார். சீஸும் வெங்காயமும் பைக்குள் வந்தன. ஸ்மித்ஸ் நிறுவனம் தன் கைக்குள் இருந்த டியூடர் என்ற வடகிழக்கு நிறுவனத்தின் மூலம் உப்பையும் வினிகரையும் சேர்த்துப் பரிசோதித்துப் பார்த்தது. அங்கே எடுபடவே, 1967இல் நாடு முழுக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரியவர் பள்ளிக்கூடப் பையனாக டியூடர் பையைத் தின்றவர்.

ஏன் வினிகர்? மீனும் சிப்ஸும் விற்கும் கடை வாசலில் ஒரு முறை நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த கிழங்கின்மேல் உப்பு தூவி, பழுப்பு நிற வினிகரைத் தெளிப்பார்கள். சூட்டில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரிக்கும்போது எழும் அந்த நெடிதான் அந்த நாட்டுக்காரர்களின் வெள்ளிக்கிழமை மாலை. முளைகட்டிய பார்லியைப் புளிக்க வைத்து எடுப்பது மால்ட் வினிகர். பல கடைகளில் தெளிப்பது அதுகூட இல்லை. தண்ணீரில் அசிட்டிக் அமிலம் கலந்து, கருக்கிய சர்க்கரையின் நிறம் ஏற்றிய ஒரு திரவம். நொதித்து வராத அதை வினிகர் என்று விற்கச் சட்டம் இடம் தராததால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நெடி என்னவோ அதேதான், ஏனென்றால் இரண்டிலும் மூக்கைத் தாக்குவது அசிட்டிக் அமிலம்.

அந்த நெடியைக் காய்ந்த வறுவலுக்குள் கொண்டுவருவதுதான் சிக்கல். பச்சைக் கிழங்கில் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வறுத்து முடித்த கிரிஸ்ப்பில் மிஞ்சுவது நூற்றுக்கு இரண்டு அளவுதான். அந்த வறட்சிதான் மொறுமொறுப்பு. வினிகரோ பெரும்பாலும் தண்ணீர். அதை வறுவலின்மேல் தெளித்தால் மழைக்காலத்து அப்பளம்போல நமுத்துப் போகும். சரி, தண்ணீரே இல்லாத அசிட்டிக் அமிலத்தைத் தூவலாமா? அதுவும் திரவம்தான், பை கடைக்குப் போய்ச் சேருமுன் நமுக்கவும் வைக்கும், ஆவியாகவும் செய்யும்.

இதற்கு வேதியியலார் கண்ட வழி அழகானது. அசிட்டிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறை அதன் உப்பான சோடியம் அசிடேட்டின் ஒரு மூலக்கூறோடு சேர்த்துப் பிணைத்தால் வெள்ளைத் தூள் ஒன்று கிடைக்கிறது: சோடியம் டைஅசிடேட். எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அசிட்டிக் அமிலம், ஆனால் கையில் எடுத்தால் பொடி. உலர்ந்திருக்கும்வரை அமிலம் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். வாயில் போட்டு உமிழ்நீர் பட்டதும் கட்டு அவிழும். அதாவது வினிகர் பைக்குள் இல்லை; உங்கள் வாயில்தான் உருவாகிறது. இதோடு மால்ட் வினிகரை உலர்த்தி, மாவுச்சத்திலிருந்து எடுத்த மால்ட்டோடெக்ஸ்ட்ரினில் ஏற்றிய தூளும் சேர்ப்பதுண்டு. இன்னும் கொஞ்சம் புளிப்பு வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம். எலுமிச்சையில் இருப்பது முன்னது, ஆப்பிளில் இருப்பது பின்னது.

நான் சொல்ல வந்ததன் மையம் இங்கேதான் இருக்கிறது. அசிட்டிக், சிட்ரிக், மாலிக் மூன்றும் புளிக்கும். ஆனால் வினிகர் ஆவது அசிட்டிக் மட்டும்தான்.

புளிக்குழம்பில் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. நம் புளியின் புளிப்பு டார்ட்டாரிக் அமிலம். அது ஆவியாகாது. புளியைக் கரைத்து முகர்ந்து பாருங்கள்: பழத்தின் வாசனை வரும், அமிலத்தின் வாசனை வராது. அதன் வேலையெல்லாம் நாக்கோடு முடிந்துவிடும். சிட்ரிக்கும் மாலிக்கும் அதே குணம். அசிட்டிக் அமிலம் அப்படியல்ல. வெறும் அறைச்சூட்டிலேயே காற்றில் ஏறி மூக்கைத் தேடிப் போகும். புளிப்பு நாக்குக்கு, நெடி மூக்குக்கு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது இந்த இடத்தில் எனக்குப் பெரிய வசதி. வினிகருக்குத் தமிழில் காடி என்ற பழைய பெயரும், இலங்கைத் தமிழில் வினாகிரி என்ற பெயரும் உண்டு. இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நெடிதான்.

சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு கிரிஸ்ப்பை மெல்லுங்கள். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மொறுமொறுப்பு கேட்கும். கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு தெளித்த வறுவல் மாதிரி இருக்கும். இப்போது விரல்களை எடுத்து மூச்சை வெளியே விடுங்கள். வினிகர் வந்து நிற்கும். தொண்டையின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஒரு பாதை இருக்கிறது. மெல்லும்போது வாயில் எழும் ஆவி அந்த வழியாக மேலேறுகிறது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பின்வாசல் வழியாக வருவதுதான். போதாக்குறைக்கு, அசிட்டிக் அமிலம் வெறும் மணமும் இல்லை. முகத்தில் ஓடும் முக்கிளை நரம்பையும் அது சீண்டுகிறது. வெங்காயமும் கடுகும் சுள்ளென்று ஏறுவதும் இதே நரம்பின் வழியாகத்தான். அந்தச் சீண்டல் இல்லாத சால்ட் அண்ட் வினிகர், என் கணக்கில், பெயரை மட்டும் சுமக்கும் பை.

நாக்கில் நடப்பதும் லேசுப்பட்டதல்ல. புளிப்பை நாக்கு எப்படி அறிகிறது என்பது வெகுகாலம் தெளிவாகாமல் இருந்தது. 2018இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லிமனின் குழு, ஓட்டாப்1 என்ற புரதம் புரோட்டான்களை மட்டும் செல்லுக்குள் விடும் வாசல் என்று காட்டியது. நாக்கின் புளிப்பு உணர்வுக்கு அந்த வாசல் தேவை என்பது மறு ஆண்டே உறுதியானது. அமிலம் என்பதே புரோட்டானை விட்டுக்கொடுக்கும் பொருள். ஹைட்ரோகுளோரிக் போன்ற வலிய அமிலம் எல்லாப் புரோட்டான்களையும் வெளியிலேயே கொட்டிவிடும். அசிட்டிக் போன்ற மெலிந்த அமிலத்துக்கு ஒரு தந்திரம் உண்டு: அதன் மூலக்கூறு முழுதாகவே செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே புரோட்டானை அவிழ்க்கிறது. அதனால்தான் இரண்டு திரவங்களின் அமிலத்தன்மை ஒரே எண்ணைக் காட்டினாலும் வினிகர் அதிகமாகப் புளிக்கிறது. சுவைத்தூள் தயாரிப்பவர்கள் நேரத்தையும் பார்ப்பார்கள். சிட்ரிக் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும்; மாலிக் மெதுவாக ஏறி நீடித்து நிற்கும்.

பையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் உப்பின் அளவு இன்னொரு சுவாரஸ்யமான கணக்கு. அங்கே "உப்பு" என்று போடுவது சமையல் உப்பின் எடை அல்ல. பொருளில் உள்ள மொத்தச் சோடியத்தை 2.5ஆல் பெருக்கி வரும் எண். டைஅசிடேட்டிலும் சோடியம் இருக்கிறதே! 100 கிராம் கிரிஸ்ப்பில் 1 கிராம் டைஅசிடேட் இருந்தால், உப்புக்கல் ஒன்றுகூடச் சேர்க்காமலே லேபிளில் சுமார் 0.4 கிராம் உப்பு ஏறிவிடும். 100 கிராமுக்கு 1.5 கிராமைத் தாண்டினால் பிரிட்டனின் லேபிள் முறையில் சிவப்பு நிறம். ஆக, நெடி கூடக்கூட உப்புக் கட்டத்திலும் எண் கூடுகிறது. சிவப்பைத் தவிர்க்க நினைக்கும் தயாரிப்பாளருக்கு டைஅசிடேட்டைக் குறைத்துச் சிட்ரிக்கைக் கூட்டலாமே என்ற ஆசை வருவது இயல்பு. நாக்கு ஏமாறலாம், மூக்கு ஏமாறாது.

கிழங்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கடைப்பெயர்ப் பைகளைச் சூப்பர் மார்க்கெட்டுகள் தாங்களே வறுப்பதில்லை. ஒப்பந்தத் தொழிற்சாலைகள் வறுத்துக் கொடுக்கின்றன. "எல்லாம் ஒரே ஃபேக்டரிதான்" என்று சொல்லும் மேதாவிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்குச் சமைத்தால் இரண்டு குழம்பும் ஒன்றாகிவிடாது. தூளின் செய்முறையை முடிவுசெய்வது கடைக்காரர். கிழங்கில் கவனிக்க வேண்டியது நிறம் ஒன்றுதான். முளைவிடாமல் இருக்கக் கிழங்கை அதிகம் குளிர்வித்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும்; வறுக்கும்போது அது கருகி லேசான கசப்பைத் தரும். 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வறுத்த உணவுகளில் அக்ரிலமைடைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, தொழிற்சாலைகள் இந்தப் பழுப்பை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கின.

மொறுமொறுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து கிரிஸ்ப்பைக் கடிக்க வேண்டும். கடிக்கும் சத்தம் காதுக் கருவி வழியாக உடனே கேட்கும். ஆனால் கேட்பது மாற்றிய சத்தம். ஒட்டுமொத்தச் சத்தத்தையோ, அதிலுள்ள உச்சத் தொனிகளை மட்டுமோ கூட்டியபோது, அதே வறுவல் அதிகம் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். கடிக்கக் கொடுத்தது பிரிங்கிள்ஸ். எல்லாமே ஒரே வளைவு, ஒரே தடிமன் என்பதால். 2008இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. எங்கள் வீட்டுச் சோதனையில் நான் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னது இதனால்தான்.

பைகளை ஏன் மறைத்தேன் என்று மகள் கேட்டாள். பிரிட்டனில் கிரிஸ்ப் பைகளின் நிறத்துக்கு ஒரு பழைய தகராறு உண்டு. வாக்கர்ஸ் நிறுவனத்துக்கு சால்ட் அண்ட் வினிகர் பச்சை, சீஸ் அண்ட் ஆனியன் நீலம். கடைப்பெயர்ப் பைகள் பலவற்றில் இது நேர் எதிர். இந்தக் குழப்பத்தையே பரிசோதனைக் களமாக்கினார்கள் பெத்தினா பிக்கெராஸ் ஃபிஸ்மனும் ஸ்பென்ஸும். 2011இல் வந்த அவர்கள் ஆய்வில், பழகிய நிறத்துக்கு மாறான பையிலிருந்து எடுத்துத் தின்றவர்களில் சிலரால் அது என்ன சுவை என்றே சரியாகச் சொல்ல முடியவில்லை. வினிகருக்கும் சீஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் அளவுக்குப் பை பேசுகிறது என்றால், ஒரு கடையின் வினிகருக்கும் இன்னொரு கடையின் வினிகருக்கும் இடையே அது என்னவெல்லாம் பேசாது?

தட்டுகளுக்கு அ, ஆ என்றோ 1, 2 என்றோ பெயர் வைக்காமல் மூன்றிலக்க எண் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. முதல் எழுத்து, முதல் எண் என்றாலே மனம் முதலிடம் கொடுத்துவிடும். 417க்கு அந்தக் கர்வம் இல்லை. ஆனாலும் முதலில் தின்பதற்கு ஒரு சலுகை கிடைத்தே தீரும். பசியும் புது நாக்கும் சேர்ந்து அதைத் தூக்கிவிடும். நான்காவது தட்டுக்கு வரும்போது நாக்கின் ஓரம் எரியத் தொடங்கியிருக்கும். எனவே மூவருக்கும் மூன்று வரிசை. இடையிடையே தண்ணீர், வெறும் ரொட்டி, இரண்டு நிமிட ஓய்வு. இன்னொன்று: சுவைத்தூள் பையின் அடியில் தங்கும், மடிந்த வறுவலின் இடுக்கில் சேரும். மேலே இருப்பதைத் தின்றவரும் அடியில் இருப்பதைத் தின்றவரும் ஒரே பையைத் தின்றதாகச் சொல்ல முடியாது. கணவர் பையைக் கவிழ்த்துக் குலுக்கிவிட்டுத்தான் பிரித்தார். பிரித்த பிறகு தாமதிக்கவும் கூடாது. ஆறவிட்டால் முதலில் ஓடிப்போவது நெடி.

முதல் சுற்றில் பெரியவர் 862ஐ மென்றுவிட்டுத் தலையாட்டினார். "இது எலுமிச்சை. சிப்ஸ் கடை இல்லை" என்றார். 593ஐ வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே மூக்குக்குக் கொண்டுபோனவர், தான் வாரம் தவறாமல் வாங்கும் கடையின் பெயரைச் சொன்னார். கணவர் முகத்தை அசைக்காமல் நின்றார். மகளுக்கு 305தான் முதலிடம்; காரணம் கேட்டதற்கு "சத்தமா உடையுது" என்றாள். ஸ்பென்ஸ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பெரியவர் சொன்னது குருட்டாம்போக்காகவும் இருக்கலாமே? இந்தச் சந்தேகத்துக்கு இங்கிலாந்திலேயே ஒரு பழைய விடை உண்டு. ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்ல முடியும் என்றார். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதிக்கும் முறையை யோசித்தார். அது 1935இல் அவர் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் எட்டுக் கோப்பைச் சோதனையாக இடம்பெற்றது. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். சும்மா ஊகிப்பவர் முழுதும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான். ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து நவீனப் புள்ளியியலின் முக்கியமான யோசனை ஒன்று வளர்ந்தது.

உணவு ஆய்வகங்களில் இன்று வழக்கமாகச் செய்வது முக்கோணச் சோதனை. மூன்று கிண்ணங்கள், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. வேறானதைக் காட்ட வேண்டும். கிண்ணங்களை அடுக்க மொத்தம் ஆறு வரிசைகள் உண்டு என்பதால் ஆறு முறை நடத்தினோம். நான்கு தட்டுகளில் எனக்கு மிகவும் ஒன்றுபோலத் தோன்றிய 417, 593 இரண்டையும் எடுத்துக்கொண்டோம், கண்களையும் மூடிக்கொண்டோம். வெறும் ஊகத்தில் ஆறில் இரண்டு சரியாக வரும். மகளுக்கு வந்தது இரண்டு. எனக்கு நான்கு, கொஞ்சம் பெருமைப்பட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். நான்கோ அதற்கு மேலோ ஊகத்திலேயே வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வித்தியாசம் தெரிகிறது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பெரியவர் ஆறையும் சரியாகக் காட்டினார். ஊகித்து அப்படி வர 729இல் ஒரு வாய்ப்பு.

அவருடைய நாக்கு என்னுடையதைவிட இளமையானது அல்ல, எழுபதைத் தாண்டியவர். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் கிரிஸ்ப்பை உடைத்து, முகர்ந்து, வாயை மூடி மென்று, பிறகு மூக்கு வழியாக மெதுவாக மூச்சுவிட்டார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானோ நாக்கின் ஓரத்தில் வைத்துப் புளிப்பை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். புளி வீட்டில் வளர்ந்தவளுக்கு அதுதானே பழக்கம்.

கடைசியில் பைகளை மேசைக்குக் கொண்டுவந்தோம். 593, பெரியவர் சொன்ன கடையுடையதுதான். உட்பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை அச்சிட வேண்டும் என்பது சட்டம். 593இல் சோடியம் டைஅசிடேட்டும் மால்ட் வினிகர் தூளும் முன்னால், சிட்ரிக் அமிலம் கடைசியில். 862இல் சிட்ரிக் அமிலம்தான் முன்வரிசை; டைஅசிடேட் பின்னால் ஒதுங்கி நின்றது. நான்கு பைகளின் விலையிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் தீர்ப்பும் 593தான், ஆனால் நான்கு சரி, இரண்டு தவறு என்ற தகுதியோடு.

நீங்களும் செய்து பார்க்கலாம். கடையில் பையைத் திருப்பி, முதலில் வருவது டைஅசிடேட்டா சிட்ரிக்கா என்று பாருங்கள். பட்டியலில் வெறும் "சுவைத்தூள்" என்று மட்டும் போட்டிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பையில் வினிகர் இல்லை.